வில்பட்டியில் பதினொன்று எங்கே போனது?

1. சத்தம் நின்றபோது

குறட்டை விட்டால் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். குறட்டை நின்றால் நான் பயப்படுவேன். இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது, இந்த ஒரு பயத்தைத் தவிர.

பழனியில் ஒரு சின்ன தூக்க கிளினிக்கில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பெயர் பழனிச்சாமி. பழனியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு பழனிச்சாமி மேல்தான் விழும். அதனால் ஊரில் என்னை "மூச்சுக்காரர்" என்று பிரித்துச் சொல்வார்கள். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "சார், நீங்க டென்ஷனே ஆக மாட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். அவர்களுக்காகத்தான் தங்கவேல் விஷயத்தை எழுதி வைக்கிறேன்.

தங்கவேல் வில்பட்டிக்காரர். கொடைக்கானலுக்குப் பக்கத்து ஊர். சொந்த வேன். சாயங்காலம் கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு என்று லோடு ஏற்றி, மலையிலிருந்து பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் போடுவார். தூங்குவது பகலில். ஒருநாள் வளைவில் கண் செருகிவிட்டது. முன்சக்கரம் ரோட்டோரக் கட்டைச்சுவரில் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறெதுவும் இல்லை, ஆகாயம்தான். பக்கத்து சீட்டில் இருந்தவர் அவர் மனைவி நாகம்மாள். புருஷன் கண்ணயர்கிறான் என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து கூடவே போய், வளைவுக்கு வளைவு கிள்ளிக்கொண்டே வந்தவர். அந்த ஒரு வளைவில் கிள்ள மறந்துவிட்டார். அன்றைக்கே சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

எங்கள் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி, அதுவும் கடுமையாக இருக்கிறது என்றார். "சரியாகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது."

நாகம்மாள் எல்லோர் முன்னாலும் ஒரு தீர்ப்புச் சொன்னார். "கன்னிவாடியில எஞ் சித்தப்பா மகன் பாண்டி இருக்கான். இப்போதைக்கு அவன் ஓட்டட்டும். பூண்டு எடுப்பு முடியுறதுக்குள்ள இவருக்குச் சரியாச்சுன்னா வண்டி இவருக்கு. இல்லாட்டி வண்டிய அவன் பேருக்கே எழுதிப் போட்டுருவேன். எனக்கு வண்டி பெருசில்லம்மா. வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற ஆளுதான் பெருசு."

அரைவட்டமாக மடங்கிய தங்கவேலின் கை, இல்லாத ஸ்டியரிங்கை மடியில் பிடித்துக்கொண்டிருந்தது.

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது. உள்ளே காற்று போகாது. மூளை பதறிப்போய் ஆளை உசுப்பும். அவர் ஓர் உறுமலோடு மூச்சை இழுப்பார், மறுபடி தூங்குவார், மறுபடி அடைக்கும். விடிய விடிய இதே கதை. எழுந்தால் ஒன்றும் நினைவிருக்காது, அசதி மட்டும் இருக்கும். இதற்கு வைத்தியம் சிபாப் மெஷின். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை விடாமல் அழுத்திக் கொடுத்து, அந்தப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். எந்த அளவு அழுத்தம் என்று கண்டுபிடிப்பதுதான் டைட்ரேஷன். குறைத்து வைத்தால் தொண்டை மூடும். கூட்டி வைத்தால் காற்று வயிற்றுக்குள் இறங்கி, காலையில் ஆள் தவில் மாதிரி எழுந்து வருவார்.

தங்கவேலின் உடம்பு பகலில்தான் தூங்கும் என்பதால் டைட்ரேஷனையும் பகலில் வைத்தோம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளியே அடிவாரத்துப் பக்கம் போகிற பஸ்ஸின் ஹாரனும் ஏதோ ஒரு காவடிக் கூட்டத்தின் அரோகராவும். உள்ளே தலை, நெஞ்சு, விரல் என்று ஒயர்களோடு தங்கவேல். அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் நான். வராந்தா பெஞ்சில் நாகம்மாள்.

ஐந்தில் ஆரம்பித்தேன். மூச்சு நின்றது. ஆறு. நின்றது. ஏழு, எட்டு. நிற்பது குறைந்தது, ஆனால் குறட்டை மரம் அறுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று வைத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. சுத்தமாக.

புத்தகப்படி இப்போது நான் திரையைப் பார்க்க வேண்டும். திரையில் எல்லாமே எழுதியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு செருப்பைக் காலிலும் ஒரு செருப்பை நாற்காலிக்கடியிலுமாக விட்டுவிட்டு அந்த அறைக்குள் ஓடினேன். அதே சமயம் வராந்தாவிலிருந்து நாகம்மாளும் ஓடிவந்தார். வாசலில் இருவரும் மோதிக்கொண்டோம்.

"என்னய்யா பண்ணுனீரு எம் புருஷன? சத்தத்தையே காணோம்?"

"இரும்மா, இரும்மா" என்று சொல்லிக்கொண்டே தங்கவேலின் மாஸ்க்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. "அப்பாடா, மூச்சு இருக்கு!" என்றேன்.

மாஸ்க்கில் காற்று வெளியேற ஓட்டைகள் உண்டு. ஆள் உயிரோடு இருந்தாலும் அதில் காற்று வரும், இல்லாவிட்டாலும் வரும். அது மெஷினுடைய மூச்சு. இதைப் பத்துப் பதினைந்து பேருக்கு வகுப்பெடுத்தவன் நான். பிறகு ஞாபகம் வந்து நெஞ்சைப் பார்த்தேன். சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் படகு கட்டிக் கிடப்பதுபோல.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் கோடு மேட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கண் அசைவுக் கோடுகள் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன. கனவுத் தூக்கம். இந்த வியாதிக்காரர்களுக்குக் கனவு வருகிற நேரத்தில்தான் தொண்டை ரொம்பவும் அடைக்கும். அதனால் வருஷக்கணக்காக அவர்களால் ஒரு கனவை முழுசாகக் கண்டு முடிக்க முடிவதில்லை. பாதை திறந்த முதல் நாளில் உடம்பு, பாக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து வைத்துக் காணும். நான் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவேன். ஒரு மனுஷன் பல வருஷம் கழித்து ஊர் திரும்புவதைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ப்பது மாதிரி இருக்கும்.

எழுந்ததும் தங்கவேல் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, நான் எங்க போயிருந்தேன்?"

2. ஒரு நாள் விட்டு ஒரு நாள்

டாக்டரம்மா பதினொன்று என்று எழுதிக் கொடுத்தார். புது மெஷினுக்கு வசதி போதவில்லை. மதுரையில் ஒருவர் புதுசு மாற்றியபோது எங்களிடம் விட்டுப்போன பழைய மெஷின் ஒன்று அலமாரியில் இருந்தது. அரதப் பழசு, ஆனால் நல்ல மோட்டார். சோதித்துப் பார்த்து, ஃபில்டர் மாற்றி, பதினொன்றில் வைத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு வாரம் விடாம நல்லாத் தூங்கி, பகல்ல கண்ணு சொக்காம இருக்கணும். அப்புறம்தான் வண்டியைப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டரம்மா.

மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்கள் தங்கவேலின் முகத்துக்குத்தான் மூட்டையை இறக்குவார்கள். அதனால் பாண்டி ஓட்ட, இவர் கிளீனர் சீட்டில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனார். போகிற வழியில் பழனியில் இறங்கி எனக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்.

முதல் தடவை வந்தபோது முகம் கழுவிவைத்த தாமிரச் சொம்பு போல இருந்தது. "அண்ணே, கண்ணு நல்லாத் தெரியுதுண்ணே" என்றார். கண்ணுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். மறுநாள் வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் தலை தொங்கியது. அதற்கடுத்த நாள் மறுபடி சொம்பு பளபளத்தது. அதற்கும் மறுநாள் தொங்கல்.

நான் மாஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். பெல்ட்டைச் சந்தேகப்பட்டேன். இறுக்கினேன். கடைசியில் ஆளையே சந்தேகப்பட்டேன்.

"தண்ணி கிண்ணி போடுறீங்களா அண்ணே? ஒளிக்காமச் சொல்லுங்க. போட்டுட்டுப் படுத்தா தொண்டை இன்னும் தளரும்."

"முருகன் மேல சத்தியமா இல்லண்ணே!"

"எங்க ஊர்ல அந்த முருகன் மேல நெறையப் பேரு சத்தியம் பண்ணிட்டாங்க."

பாண்டி பின்னாலிருந்து சிரித்தான். நல்ல பையன்தான், ஆனால் வண்டி மேல் கண். "மாமா, மிஷினு உமக்கு ஒத்துக்கல. விட்டுருங்க. காத்தடிச்சா டியூப்புதான் நிக்கும், மனுசன் நிப்பானா?"

"ஏலே, நீ ரோட்டப் பாத்து ஓட்டுற சோலிய மட்டும் பாருடா" என்றார் தங்கவேல். குரலில் சுரத்தில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டுப் பன்னிரண்டு ஆக்கினேன். மறுநாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன்: "அண்ணே, வயிறு ஊதிப் போச்சுண்ணே, தட்டுனா சத்தம் வருது." மறுபடி பதினொன்றுக்கு இறக்கினேன். அடுத்த நாள் வில்பட்டியிலிருந்து நாகம்மாள்: "வீட்டுக் கூரை பறக்குது. குறட்டை பழையபடி வந்திருச்சு." மறுபடி டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"பழனிச்சாமி, நீங்க டைட்ரேஷன் பண்றீங்களா, இல்ல ரேடியோ ஸ்டேஷன் தேடுறீங்களா?"

"மேடம், ஒரு நாள் நல்லா இருக்கார், ஒரு நாள் மோசமா இருக்கார். இப்படி முறை வெச்சு வர்ற வியாதிய நான் பாத்ததில்ல."

"நானும்தான்." அவர் சிரிக்கவில்லை. "ஆளு வீட்ல தூங்குறத நீங்க நேர்ல பாத்தீங்களா? இங்க கட்டில்ல பாத்ததோட சரி. போய்ப் பாருங்க."

அதற்குள் நாகம்மாள் இன்னொரு போன் போட்டார். பூண்டு எடுப்பு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பாண்டியும் அவன் அப்பாவும் வந்து வண்டி பற்றிப் பேசப் போகிறார்கள். "நீரு சரி பண்ணிருவீருன்னு நெனச்சுத்தாண்ணே பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

3. ஜாம் பாட்டில்

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அவர்கள் மகளுக்காக பழனி பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழமும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். பையில் அளக்கிற சாமான்கள். பஸ் ஏற ஏறக் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதி ஊதிக் காதைத் திறந்துகொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஏதோ மூச்சுப் பயிற்சி செய்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வில்பட்டியில் அவர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே குறட்டை கேட்டது. இறக்கத்தில் லாரி கியர் மாற்றுகிற சத்தம்.

விடியற்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பிப் படுத்தவர். மாஸ்க் சரியாக இருந்தது. லீக் இல்லை. பெல்ட் சரி. திரையில் பதினொன்று. அதே ஆள், அதே மெஷின், அதே மாஸ்க், அதே பதினொன்று. நெஞ்சு எக்கி எக்கிப் போராட, மூச்சு நிற்கும். நான் உள்ளுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். பிறகு ஓர் உறுமல். பழனியில் நான் பார்த்த அந்தப் படகைக் காணவில்லை.

வேர்த்துவிட்டது. கொடைக்கானல் குளிரில், மார்கழி மாதிரி பனி மூடிக் கிடக்கிற காலையில், என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே, இந்தக் குளிருல உமக்கு வேர்க்குது? உமக்கும் ஒரு மிஷினு வைக்கணுமோ?" நாகம்மாள் டீயைக் கொடுத்தார். கிண்டல்தான், ஆனால் கண் என் முகத்திலேயே இருந்தது. "வெளங்கலைன்னா வெளங்கலைன்னு சொல்லிருங்க. நாளைக்கு அவங்க வர்றாங்க. நானும் ஒரு முடிவுக்கு வந்துக்கிருவேன்."

"வெளங்குது, வெளங்குது" என்றேன். ஒன்றும் விளங்கவில்லை.

எதுவும் விளங்காதபோது நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் அழுத்தத்துக்கு அளவு, சென்டிமீட்டர் தண்ணீர். பதினொன்று என்றால் பதினோரு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஒரு குமிழியை வெளியே விடுகிற பலம். அவ்வளவுதான். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. ஒரு டம்ளரை விடக் கொஞ்சம் உயரமான தண்ணீர், ஒரு மனுஷனுடைய தொண்டையைத் திறந்து பிடித்துக்கொண்டு அவனை உயிரோடு வைத்திருக்கிறது. மனுஷன் என்பவன் எவ்வளவு சின்ன விஷயத்தில் நிற்கிறான்!

"தங்கச்சி, ஒரு கண்ணாடி பாட்டில் வேணும். உயரமா. தண்ணி ரொப்பிக் குடுங்க. பாப்பாவோட ஸ்கேலும்."

ஒரு காலி ஜாம் பாட்டில் வந்தது. தங்கவேலை மெல்ல எழுப்பி மாஸ்க்கைக் கழற்றினேன். "என்னண்ணே... மேல வந்துட்டீங்க..." என்று முனகிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மாஸ்க்கை என் உள்ளங்கையில் அழுத்தி மூடி, அதன் பக்கத்துத் துளையில் மெல்லிய டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டேன். நாகம்மாள் ஸ்கேலைப் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மெஷினைப் போட்டேன்.

டியூபின் முனை பதினொன்றில். குமிழி வரவேண்டும். வரவில்லை.

மேலே தூக்கினேன். பத்தில் இல்லை. ஒன்பதரையில் இல்லை. ஒன்பதுக்கும் குறைந்த பிறகு, குபுக்.

"வந்திருச்சு!" என்றார் நாகம்மாள் சந்தோஷமாக.

மெஷின் பதினொன்று என்று சொல்கிறது. தண்ணீர் ஒன்பதுகூட இல்லை என்கிறது. மெஷின் பொய் சொல்கிறது. ஆனால் இதே மெஷினை, இதே டியூபை, பழனியில் இதே மாதிரி அளந்துதானே கொடுத்தேன்? பதினொன்றில் டாண் என்று குமிழி வந்ததே! மோட்டார் போய்விட்டதா? அப்படியானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எப்படிப் போகும்? லீவு போட்டுவிட்டுப் போகிற மோட்டார் உண்டா? நான் அந்த மெஷினைத் தட்டினேன். உலுக்கினேன். டிவியைத் தட்டுவது போல இரண்டு பக்கமும் தட்டினேன். டிகிரி சர்டிஃபிகேட் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஆள் நான்.

நாகம்மாள் எனக்காகத் தட்டில் பழத்தையும் நான் வாங்கிவந்த சிப்ஸ் பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கா. நீங்க மொதல்ல ஏதாச்சும் சாப்புடுங்க. பசியில மூள ஓடாது."

பாக்கெட் தலையணை போல உப்பியிருந்தது. காலையில் பழனியில் கடைக்காரர் கொடுத்தபோது சப்பையாகத்தான் இருந்தது.

நான் அந்தப் பாக்கெட்டையே பார்த்தேன். கொடைக்கானல் போகிற எல்லோரும் பார்க்கிற விஷயம்தான். மேலே காற்று லேசு. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருப்பது உப்பும். காதும் அதனால்தான் அடைக்கிறது. இது தெரியாதவர் யார்? ஆனால் காற்று லேசானால், அதே வேகத்தில் சுற்றுகிற விசிறி கொடுக்கிற தள்ளுதலும் லேசாகத்தானே இருக்கும்? பழைய மெஷின் விசிறியின் வேகத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. பழனியில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பாவம், வில்பட்டியில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறது.

"தங்கச்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அண்ணன் எங்க படுப்பாரு?"

"ரிட்டன் லோடு இருந்தா ஒட்டன்சத்திரத்துல கமிஷன் கடை ரூமுல படுத்துட்டு மத்தியானமா ஏறி வருவாரு. இல்லாட்டி வெள்ளனே வீட்டுக்கு வந்துருவாரு. அரிசி, உர மூடைன்னு ஒரு நாளைக்குக் கெடைக்கும், ஒரு நாளைக்குக் கெடைக்காது. ஏன் கேக்குறீங்க?"

கீழே படுத்த நாளெல்லாம் சொம்பு. மேலே படுத்த நாளெல்லாம் தொங்கல். வியாதி முறை வைத்து வரவில்லை. மனுஷன்தான் மலைக்கும் தரைக்கும் முறை வைத்துப் போய்வந்துகொண்டிருந்தார், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு. பன்னிரண்டு வைத்த அன்று அவர் கீழே படுத்திருக்கிறார், வயிறு ஊதியது. பதினொன்றுக்கு இறக்கிய அன்று மேலே வந்துவிட்டார், கூரை பறந்தது. திருகித் திருகி நான் அவரை எதிர்ப்பக்கமாகவே துரத்தியிருக்கிறேன்.

நான் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. நாகம்மாள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

இந்தக் காலத்து மெஷின்கள் உயரத்தைத் தாங்களே தெரிந்துகொண்டு சரிசெய்துகொள்ளும். அதனால் சமவெளியில் வேலை பார்க்கிற எவனுக்கும் இது ஞாபகத்தில் இருக்காது. பழைய மெஷினில் இதற்கென்று ஓர் ஒளிந்த மெனு உண்டு. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் உயரத்துக்கு மூன்று படிகள். மதுரைக்காரர் ஏன் அதைத் தொடப் போகிறார்? முதல் படியிலேயே இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் சொன்னேன். "மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், பழனிச்சாமி. எல்லா இடத்துலயும் ஒரே காத்துதான இருக்குன்னு இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்திருக்கேன் பாருங்க." பிறகு அவருக்கே உரிய குரல் வந்தது. "பிரஷர் அதே பதினொண்ணு. உயரத்தை மட்டும் மாத்துங்க. மாத்திட்டுத் திரும்பவும் தண்ணியில அளந்து பாருங்க. மெஷின் சொல்றத நம்பாதீங்க. நீங்க சொல்றதையும் நம்பாதீங்க."

மாற்றினேன். அளந்தேன். பதினொன்றில் குபுக்.

மாஸ்க்கைத் தங்கவேலுக்குத் திரும்ப மாட்டினேன். ஒன்றிரண்டு முறை புரண்டார். குறட்டை ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. பிறகு நின்றது.

இந்த முறை நான் ஓடவில்லை. ஓட இடமில்லை, சின்ன வீடு. நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. நாகம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, தகரத்துல பனி சொட்டுது கேக்குதா?"

கேட்டது. யூக்கலிப்டஸ் இலைகளிலிருந்து பனி திரண்டு தகரக் கூரையில் விழுகிற சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து இந்தச் சத்தத்த நான் கேட்டதேயில்ல" என்றார்.

4. இடப்பக்கத்து சீட்

வெள்ளிக்கிழமை பாண்டியும் அவன் அப்பாவும் வந்தபோது, நாகம்மாள் டீ கொடுத்து, இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று அனுப்பிவிட்டார். மேலே படுத்தால் மூன்றாம் படி, கீழே படுத்தால் முதல் படி என்று தங்கவேலுக்குப் பொத்தானைப் பழக்கினேன். அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டார். "மலையில ஏறுனா கியரை மாத்தணும், எறங்குனா மாத்தணும். இதுவும் அதானண்ணே" என்றார். வகுப்பெடுக்கும்போது இப்போதும் இதைத்தான் சொல்கிறேன், என்னுடைய வாக்கியம் போல.

விடாமல் நன்றாகத் தூங்கினார். பெஞ்சில் உட்கார வைத்துப் பேசாமல் விட்டுப் பார்த்தோம். கண் சொக்கவில்லை, எனக்குத்தான் கொட்டாவி வந்தது. டாக்டரம்மா மறுபடி எல்லாப் பரிசோதனையும் செய்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

நாகம்மாள் சாவியைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "மொத டிரிப்பு பகல்ல. நானும் வருவேன். மூச்சுக்காரண்ணனும் வரணும். காத்தடிச்சது அவருதான, அவரே முன்னாடி உக்காந்து பாக்கட்டும்."

எனக்கு மலைப்பாதை ஆகாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தங்கவேல் ஸ்டியரிங்கில், நடுவில் நாகம்மாள், இடது ஓரத்தில் நான். பெருமாள்மலையில் திரும்பிப் பழனி ரோட்டில் இறங்கினோம். முதல் வளைவிலேயே கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. பின்னால் கேரட் மூட்டைகள் சாய்ந்து நிமிர்ந்தன. வளைவுக்கு வளைவு நான் தங்கவேலின் கண்ணைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. மறுபடி பார்த்தேன்.

"அண்ணே, நீங்க என்னயவே பாத்துட்டு வந்தீங்கன்னா எனக்குக் கூச்சமா இருக்கு. ரோட்டப் பாருங்க. அங்க பாருங்க, காட்டுமாடு."

சரிவில் ஒரு காட்டுமாடு, தேயிலைப்பெட்டி அளவு தலையோடு, ஒன்றும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில், மரங்களுக்கு நடுவே வெள்ளை அடித்த சின்னச் சர்ச் ஒன்று. தங்கவேல் வேகத்தைக் குறைத்தார்.

"இந்தச் சர்ச்சு எப்பக் கட்டுனாங்க, புதுசா?"

நான் சர்ச்சைப் பார்த்தேன். சுவரில் பாசி படிந்து கறுத்திருந்தது. பக்கத்தில் நின்ற மரம் ஓட்டுக்கு மேலே வளர்ந்திருந்தது.

"அது நமக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே இருக்கு" என்றார் நாகம்மாள்.

எத்தனை வருஷம், இருட்டில் இறங்கியும் விடிந்தபின் ஏறியும், எத்தனை ஆயிரம் முறை இந்த வளைவைத் திரும்பியிருப்பார்! கண் திறந்துதான் இருந்திருக்கும். கை திருப்பியிருக்கும், கால் மிதித்திருக்கும். ஆள் மட்டும் இருந்திருக்கவில்லை. என்ன நம்பிக்கையில் அந்த உடம்பு இத்தனை வருஷம் அவரை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தங்கவேல் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அந்தச் சர்ச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

சவரிக்காடு தாண்டியதும் மரங்கள் விலகி, கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. வரதமாநதி அணையின் தண்ணீர், தூரத்தில் தனியாக நிற்கிற பழனி மலை, உச்சியில் கோபுரம். எனக்குக் காது திறந்துகொண்டது. காற்று கனத்துக்கொண்டு வந்தது. இதுவரை நான் அதை உணர்ந்ததே இல்லை.

என் வலது தோளில் ஏதோ சாய்ந்தது. நாகம்மாள். வருஷக்கணக்காக இந்த ரோட்டில் இமை மூடாமல் கிள்ளிக்கொண்டே வந்தவர், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப் போயிருந்தார். நான் தொழில் புத்தியில் மூச்சை எண்ணிப் பார்த்தேன். ஒழுங்காக இருந்தது.

"எழுப்பட்டுமாண்ணே? உங்களுக்குத் தோள் வலிக்கும்" என்று நான் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கேட்டார் தங்கவேல்.

"வேணாம்ணே. நீங்க பதனமாப் போங்க" என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஆள் எங்கே படுக்கிறான் என்று கேளுங்கள். போய் அங்கே இருக்கிற காற்றை அளந்து பாருங்கள். மற்றபடி பயம் வரத்தான் செய்யும், வரட்டும். அன்று பழனி வந்து சேரும் வரை நான் அந்தக் கைப்பிடியை விடவில்லை. ஆனால் தோளை அசைக்கவும் இல்லை.